பேர் வேண்டாம் என்றவர்

எங்கள் மில் முதலாளி அளவுக்குப் பயந்த மனிதரை நான் பார்த்ததில்லை. ஆளைப் பார்த்தால் அப்படித் தெரியாது. நல்ல உயரம், கதவை அடைக்கிற உடம்பு, முறுக்கிவிட்ட மீசை. செஞ்சி பஜாரில் அவர் நடந்து வந்தால் எதிரே வருகிறவர்கள் ஒதுங்கி வழிவிடுவார்கள். அந்த மீசையே பயத்தில் வைத்ததுதான் என்று அவர் வீட்டம்மா ஒருமுறை சிரித்துக்கொண்டே சொன்னதாக மில்லில் பெண்கள் பேசிக்கொள்வார்கள்.

அறுபதுகளின் தொடக்கத்தில் நான் அவரிடம் வேலைக்குச் சேர்ந்தேன். திண்டிவனம் ரோட்டில் மல்லாட்டை உடைக்கிற மில் அது. வேர்க்கடலைக்கு எங்கள் பக்கத்துப் பேர் மல்லாட்டை. அவலூர்பேட்டையிலிருந்தும் பனமலைப் பக்கத்திலிருந்தும் மாட்டு வண்டிகளில் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். மிஷின் தோலை உடைத்துத் தள்ளும். பெண்கள் வரிசையாக உட்கார்ந்து சொத்தையையும் கல்லையும் பொறுக்கி எறிவார்கள். ஆண்கள் மூட்டை தூக்குவார்கள். எனக்கு மோட்டார் வேலை. ஸ்விட்ச் போடுவது, எண்ணெய் விடுவது, பெல்ட் நழுவினால் மறுபடி மாட்டுவது. மோட்டாரிலிருந்து மிஷினுக்குப் போகிற நீளமான பெல்ட், பெண்கள் உட்காரும் வரிசையை ஒட்டியே ஓடும்.

மில்லுக்குப் பின்னால் ஒரு குன்று. செஞ்சிக் குன்றுகள் எல்லாமே கல்லின்மேல் கல்லை யாரோ அடுக்கிவிட்டு மறந்துபோன மாதிரி இருக்கும். அங்கே பிறந்தவர்களுக்கு அது கண்ணில் படுவதுகூட இல்லை. முதலாளியும் அங்கே பிறந்தவர்தான். ஆனால் தினமும் காலையில் மில்லுக்குள் நுழையும் முன்பு நின்று அண்ணாந்து பார்ப்பார். உச்சிக் கல் நேற்றைவிடச் சாய்ந்திருக்கிற மாதிரி இல்லையா என்று என்னைக் கேட்பார். இல்லை என்பேன்.

"ஒண்ணும் ஆவாதில்ல?" என்பார்.

அவர் வாயில் அதிகம் வந்த வார்த்தை அதுதான். தந்திக்காரர் சைக்கிளில் ரோட்டோடு போனாலே கேட்பார். இடி இடித்தால் கேட்பார். காஞ்சிபுரத்திலிருந்து வந்த உறவுக்காரர்களுக்குக் கோட்டையைக் காட்டக் கூட்டிப்போனவர், ராஜகிரி மலையின் முதல் வாசலிலேயே முழங்கால் வலி என்று உட்கார்ந்துவிட்டாராம். அவர்கள் ஏறி இறங்கி வரும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்து, ஒவ்வொருவராகத் தலை எண்ணிக்கொண்டாராம்.

ஜைனர் அவர். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிடுவார், தண்ணீரைத் துணியில் வடிகட்டிக் குடிப்பார். நயினார் என்று எங்கள் பக்கம் சொல்கிற ஜைனர் வீடுகளில் அது வழக்கம். குடித்து முடித்த பிறகும் டம்ளருக்குள் ஒருமுறை எட்டிப் பார்ப்பது மட்டும் அவருக்கே உரிய வழக்கம்.

வெளியே இருந்து கேட்பவர்களுக்கு இதெல்லாம் சிரிப்பாக இருக்கும். அவரிடம் வேலை செய்தவர்களுக்குச் சிரிப்பு வரவில்லை. மூட்டை தூக்குகிறவர் ஒருவர், பனமலைக்காரர், ஒருநாள் முதலாளியின் எதிரே நின்று கொஞ்சம் அழுத்திப் பேசிவிட்டார். கையில் மூட்டை இழுக்கிற கொக்கி இருந்தது. அந்த வேலைக்காரர்கள் கையில் அது எப்போதும் இருப்பதுதான். மறுநாள் காலையில் அவரை கேட்டுக்குள் விடவில்லை. ஏன் என்று நான் கேட்டதற்கு முதலாளி குரலைத் தாழ்த்திக்கொண்டு, அவன் கொக்கியை எப்படிப் பிடித்திருந்தான் பார்த்தாயா என்றார். அந்த மனிதர் பல நாள் கேட்டுக்கு வெளியே வந்து வந்து நின்றார். பிறகு குடும்பத்தோடு மெட்ராசுக்குப் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன். கெட்ட முதலாளியிடம் எப்படி நடந்துகொள்வது என்று வேலைக்காரனுக்குத் தெரியும். பயந்த முதலாளியிடம் எது குற்றம், எது இல்லை என்று யாருக்கும் தெரியாது. அதனால் நாங்கள் எல்லோருமே கையையும் கண்ணையும் அடக்கிக்கொண்டு நடமாடினோம்.

அந்த நிலைமையில்தான் செசிலியின் கை பெல்டில் மாட்டியது.

செசிலி எங்கள் ஊர், எங்கள் மாதா கோயில் பங்கைச் சேர்ந்தவள். புருஷன் இல்லை. குனிந்து கூடையை இழுக்கும்போது முந்தானை பெல்டில் சிக்கி, அதை விடுவிக்கப் போன வலது கையையும் பெல்ட் இழுத்துக்கொண்டது. நான் ஸ்விட்சை அணைப்பதற்குள் விரல்கள் போய்விட்டன. சத்தம் கேட்டு முதலாளி தன் அறையிலிருந்து வந்தார். ஒரு பார்வை பார்த்தார். திரும்பினார். கேட்டைத் தாண்டி ரோட்டில் இறங்கி, செருப்புகூட இல்லாமல் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போய்விட்டார். சரக்கு ஏற்ற வந்த லாரியில் நாங்களே அவளைத் திண்டிவனம் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனோம். வைத்தியச் செலவுக்கு முதலாளி கணக்குப்பிள்ளையிடம் பணம் கொடுத்தனுப்பினார், குறைவில்லாமல்தான். அவர் மட்டும் போய்ப் பார்க்கவில்லை.

செசிலி இடது கையால் பொறுக்கப் பழகிக்கொண்டு திரும்பி வந்தாள். அதன் பிறகு முதலாளி அந்த வரிசைப் பக்கமே வருவதில்லை. தோல் குவித்திருக்கும் பக்கமாகச் சுற்றிக்கொண்டு தன் அறைக்குப் போவார். பெல்டைச் சுற்றி ஒரு மரத்தடுப்பு வைக்கலாம் என்று நான் இரண்டொரு முறை சொல்லிப் பார்த்தேன். பெல்ட் என்ற வார்த்தையைக் கேட்டதுமே அவர் நெற்றியில் வேர்வை அரும்பிவிடும். பார்க்கலாம் என்று எழுந்து போய்விடுவார். பெண்கள் அதைத் திமிர் என்றார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். தடுப்பில்லாமலே பெல்ட் ஓடிக்கொண்டிருந்தது. பெண்கள் முந்தானையை இடுப்பில் இறுக்கிச் செருகிக்கொண்டு, அதிலேயே ஒரு கண்ணை வைத்தபடி பொறுக்கினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் புளியமரத்தடியில் பேசிப் பேசித்தான் சங்கம் உண்டானது. கடலூரிலிருந்து விஷயம் தெரிந்த ஒருவர் வந்து பதிவு செய்ய உதவினார். அவர் எதையும் மறைக்கவில்லை. சங்கம் வைப்பது உங்கள் உரிமை, ஆனால் முதலாளி அதை ஏற்றுக்கொண்டு உங்களோடு உட்கார்ந்து பேசித்தான் ஆகவேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்தவில்லை, கேட்டுத்தான் பார்க்கவேண்டும் என்றார். திண்டிவனம் பக்கத்தில் இப்படிக் கேட்ட ஒரு மில்லில் கையெழுத்துப் போட்டவர்கள் யாருக்கும் அப்புறம் எந்த மில்லிலும் வேலை கிடைக்கவில்லை என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். மோட்டார்காரனை உடனே மாற்ற முடியாது என்று சொல்லி என்னைச் செயலாளராக்கினார்கள். என் மனைவி அன்று சாயங்காலம் வரை என்னோடு பேசவில்லை.

நானும் செசிலியும்தான் மனுவைக் கொண்டுபோய்க் கொடுத்தோம். எங்கள் சங்கத்தை அங்கீகரிக்க வேண்டும், எங்களை அழைத்துப் பேச வேண்டும், முதலில் பெல்டுக்குத் தடுப்பு பற்றிப் பேச வேண்டும். அவ்வளவுதான் அதில் இருந்தது. முதலாளி தாளைப் பார்த்தார். அதை நீட்டிய செசிலியின் இடது கையைப் பார்த்தார். அவள் வலது கையை முந்தானைக்குள் வைத்திருந்தாள். வாங்கி, பிரிக்காமலே சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"சூசை, ஒண்ணும் ஆவாதில்ல?" என்று என்னைக் கேட்டார்.

அந்தக் கேள்விக்கு எப்போதும் இல்லை முதலாளி என்று சொல்லிப் பழகியவன் நான். அன்று வாய் வரவில்லை.

அதன் பிறகு பதிலே இல்லை. மறுத்திருந்தால்கூட அடுத்து என்ன என்று யோசித்திருப்போம். அவர் தினமும் வருவார், கல்லை அண்ணாந்து பார்ப்பார், தோல் குவியலைச் சுற்றிக்கொண்டு அறைக்குள் போவார். சட்டை மாறியிருக்கும், பையில் அந்தத் தாள் மட்டும் மாறாமல் இருக்கும். அதன் ஓரம் வேர்வையில் பழுப்பேறிக்கொண்டு வந்தது. உள்ளே கணக்குப்பிள்ளை யாரையாவது பேர் சொல்லிக் கூப்பிட்டால் வரிசையில் எல்லாக் கைகளும் நின்றுவிடும். மில்லை விற்கப்போகிறார் என்றார்கள். பூட்டப்போகிறார் என்றார்கள். மூட்டை தூக்குகிற ஒருவர் மோட்டார் ரூமுக்கு வந்து, தன் பேரைச் சங்கத்திலிருந்து எடுத்துவிடச் சொல்லி அழுதார். அவருக்குச் சின்னச் சின்னதாகப் பெண் குழந்தைகள். நான் அவரை என்னவென்று தேற்றுவது? எனக்கே சோறு இறங்கவில்லை.

முதலாளி மற்ற மில்காரர்களிடம் யோசனை கேட்கப் போனார் என்று தெரிந்தது. அவர்கள் ஆளுக்கொன்று சொல்லியிருக்கிறார்கள். பதில் போடாதே, தானாக அடங்கிவிடும் என்று ஒருவர். உனக்கு வேண்டியவர்களை வைத்து நீயே ஒரு சங்கம் ஆரம்பித்துவிடு என்று இன்னொருவர். எல்லோரும் சேர்ந்து சொன்னது, முதலில் பேர்களை வாங்கு, யார் யார் என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது என்பது. அவருடைய மைத்துனர் பேச்சோடு நிற்கவில்லை. அவர் திண்டிவனத்தில் பலகை விற்கிற மரவாடி வைத்திருந்தவர், அக்காள் புருஷனின் பயத்தைப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போனவர். ஒருநாள் காலையில் நாங்கள் வேலைக்கு வந்தபோது கேட்டில் அவர் அனுப்பிய ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஊர்க்காரர்கள் இல்லை. கையில் தடி வெளிப்படையாகவே இருந்தது. ஒன்றும் செய்யவில்லை. உள்ளே போகிற ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தார்கள். செசிலி வந்தபோது அவர்களில் ஒருவன், இந்தக் கைதானா அது என்று பக்கத்தில் இருந்தவனிடம் கேட்டான். அவள் நேராக உள்ளே வந்து உட்கார்ந்தாள். அன்று முழுக்க அவள் முன்னால் இருந்த பருப்பில் கல் அப்படியே கிடந்தது.

பிற்பகலில் முதலாளி என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். போனேன். நாற்காலியில் இல்லை, ஜன்னலோரம் நின்று கேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னோட வா என்று மட்டும் சொல்லி என் மணிக்கட்டைப் பிடித்தார். அவர் என்னைத் தொட்டது அதுதான் முதல் தடவை. பிடி இறுக்கமாக இருந்தது. அறையிலிருந்து கேட்டுக்கு இழுத்துக்கொண்டே நடந்தார். அவர்களிடம் என்னை ஒப்படைக்கத்தான் கூட்டிப்போகிறார் என்று நினைத்தேன். என் மனைவி முகம் நினைவுக்கு வந்தது. கையை உதறிக்கொண்டு ஓடலாம், எங்கே ஓடுவது? வரிசையில் பெண்கள் தலை நிமிர்த்தாமலே எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கேட்டை நெருங்க நெருங்கத்தான் தெரிந்தது, நடுங்குவது என் கை இல்லை. அவர் கை.

அவரைப் பார்த்ததும் அந்த ஆட்கள் எழுந்து நின்றார்கள்.

"நீங்க போயிடுங்கப்பா," என்றார். குரல் உடைந்து ஒரு மாதிரி மேலே போய்விட்டது.

உங்க மச்சான்தானே எங்களை இருக்கச் சொன்னார் என்றான் ஒருவன்.

"இது என் மில்லு. போயிடுங்க. உங்க கூலி அவரு குடுப்பாரு."

அவர்கள் நகரவில்லை. அந்தக் கொஞ்ச நேரத்தில் எதுவும் நடந்திருக்கலாம். அவர் என் மணிக்கட்டை விடவும் இல்லை, பின்னால் போகவும் இல்லை. கடைசியில் ஒருவன் காறித் துப்பிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டான். மற்றவர்களும் கிளம்பினார்கள். அவர்கள் ரோட்டுத் திருப்பத்தில் மறையும்வரை முதலாளி பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு என் கையை விட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்.

மறுநாள் சாப்பாட்டு வேளையில், மோட்டார் நின்றிருந்த நேரம் பார்த்து, அவரே மோட்டார் ரூமுக்கு வந்தார். அதற்கு முன் அந்த ரூமுக்குள் அவர் காலெடுத்து வைத்ததில்லை. எண்ணெய் டின்னைத் துடைத்து உட்காரக் கொடுத்தேன். பையிலிருந்து தாளை எடுத்தார். மடிப்பு மடிப்பாகப் பிய்ந்திருந்தது.

"இன்னாத்துக்குப்பா அவங்கள அனுப்பிட்டேன்னு கேக்க மாட்டியா?" என்றார்.

நான் கையிலிருந்த எண்ணெய்த் துணியைக் கீழே வைத்தேன்.

"அவங்க உங்களப் பாத்த மாதிரியே என்னையும் பாத்தாங்க. இன்னிக்கு உங்கள அடிச்சா நாளைக்கு என் வாசல்ல வந்து நிப்பாங்க. உங்களுக்குப் பயந்து அவங்கள வச்சிக்கினா, அவங்களுக்குப் பயந்து யார வச்சிக்கிறது?"

பிறகு எத்தனை பேர் சங்கத்தில் இருக்கிறீர்கள் என்று கேட்டார். பாதிக்கு மேல் என்றேன். நீ சொல்வதை எப்படி நம்புவது என்றார். நியாயமான கேள்விதான். நம்பவைக்கவேண்டுமானால் பேர்களைத்தான் தரவேண்டும். பேர்களை யாரும் தரமாட்டார்கள், நானும் தரமாட்டேன் என்று சொன்னேன். சொல்லி முடித்ததும் வேலை போய்விட்டது என்றே முடிவு செய்தேன்.

அவர் வேகமாகத் தலையை ஆட்டினார்.

"பேர் எனக்கு வேணாம் சூசை. குடுத்தாலும் வாங்க மாட்டேன். பேர் தெரிஞ்சா ஒவ்வொரு மூஞ்சியா பாத்துக்கினே இருப்பேன். இவன் இன்னா நெனைக்கிறான், அவ இன்னா நெனைக்கிறான்னு. அப்புறம் நான் இன்னா செய்வேன்னு எனக்கே தெரியாது. அந்தக் கொக்கிக்காரன் போனான் பாரு, அந்த மாதிரி எத்தினி பேரை அனுப்புவேனோ."

எனக்கு அவரைப் பார்க்கப் பயமாகவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது. எதைச் செய்துவிடுவோமோ என்று தன்னைப் பார்த்தே பயப்படுகிற மனிதரை அதுவரை நான் கண்டதில்லை.

அவரே வழியும் சொன்னார். கடலூர் லேபர் ஆபீசரை வரச்சொல்லலாம். அவர் முதலாளியின் அறையில் தனியாக உட்காரட்டும். ஒவ்வொருவராக உள்ளே போய், சங்கத்தில் இருக்கிறேன், இல்லை என்று சொல்லிவிட்டு வரட்டும். பாதிக்கு மேலா இல்லையா என்பதை மட்டும் ஆபீசர் சொன்னால் போதும். கணக்குப்பிள்ளைகூட உள்ளே இருக்கக்கூடாது. தான் மில்லிலேயே இருக்கப்போவதில்லை. நான் இருந்தால் வெளியே வருகிற முகங்களையே பார்த்துக்கொண்டிருப்பேன் என்றார்.

அந்த நாள் வந்தது. சொன்னபடியே முதலாளி காலையிலேயே அவலூர்பேட்டை பஸ் ஏறிவிட்டார். ஆபீசர் அறைக்குள் உட்கார்ந்தார். நாங்கள் வெளியே வரிசையில் நின்றோம். இது ஏதாவது சூழ்ச்சியாக இருக்குமோ, ஆபீசர் சாயங்காலமே பேர்களைச் சொல்லிவிடுவாரோ என்ற எண்ணம் எல்லோருக்கும் இருந்தது, எனக்கும் இருந்தது. வெளியே வந்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டு வந்தார்கள். பேரை எடுக்கச் சொல்லி அழுதவர் உள்ளே போய்விட்டு வந்து என் கண்ணைப் பார்க்காமல் போனார். என்ன சொன்னார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. முடிந்ததும் ஆபீசர் என்னிடம் முடிவைச் சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

நான் பஸ் ஸ்டாண்டுக்குப் போய்க் காத்திருந்தேன். அவலூர்பேட்டை பஸ்ஸிலிருந்து முதலாளி கடைசி ஆளாக இறங்கினார். அடிதடி ஏதும் வந்ததா என்றுதான் முதலில் கேட்டார். இல்லை என்றேன். பாதிக்கு மேலா என்றார். நல்லா மேல என்றேன். அங்கிருந்த கடை பெஞ்சியில் உட்கார்ந்துவிட்டார். குறைப்பட்ட குரலில், அத்தனை பேருக்கும் என்னைப் பிடிக்கவில்லையா என்று கேட்டார்.

"புடிக்காம இல்ல மொதலாளி. பயம்," என்றேன்.

"யாரப் பாத்து?"

"உங்களப் பாத்துதான்."

அவர் நான் விளையாடுகிறேனா என்று என் முகத்தையே பார்த்தார். "என்னைப் பாத்தா?" என்றார். அந்தப் பெரிய உடம்பும் அந்த மீசையும் அப்படி ஒரு கேள்வி கேட்டதை நினைத்தால் இப்போதும் எனக்கு என்னவோ செய்கிறது. இத்தனை வருஷமும் அந்த மில்லில் பயப்படுகிற ஆள் தான் ஒருவர்தான் என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

மறுநாள் கணக்குப்பிள்ளையைப் பதில் எழுதச் சொல்லி, கையெழுத்துப் போட்டு, மில் களத்தில் எங்கள் முன்னால் நின்று அவரே படித்தார். உங்கள் சங்கத்தை அங்கீகரிக்கிறேன், இனி எது பேசுவதானாலும் சங்கத்தோடு பேசுவேன், சங்கத்தில் இருப்பதற்காக யார் வேலையும் போகாது. அவ்வளவுதான். படித்து முடித்தார். யாரும் கைதட்டவில்லை. யாரும் அசையக்கூட இல்லை. அந்த அமைதியில் அவர் முகம் வெளுத்ததைப் பார்த்தேன். என் பக்கம் குனிந்து, கோவமா இருக்காங்களா என்று கேட்டார். இல்லை, என்ன செய்வதென்று தெரியவில்லை என்றேன்.

அப்போது செசிலி எழுந்தாள்.

"நாளைக்கு பெல்ட்ட மூடிட்டு அப்புறமா மிஷின் போடலாமா மொதலாளி?" என்றாள்.

அந்த மில்லில் ஒரு பெண் அவரிடம் நேராகக் கேட்ட முதல் கேள்வி அது. அவர் தரையைப் பார்த்தபடியே பதில் சொன்னார். "மூடுறவரைக்கும் ஓட வேணாம்."

மற்ற மில்காரர்கள் அவரோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார்கள். மைத்துனர் அவர் வீட்டு வாசல்படி ஏறுவதை விட்டுவிட்டார். அதற்கும் அவர் பயந்தார், வெகுநாள் பயந்தார். ஆனால் அங்கீகாரத்தை மட்டும் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. பேச்சுவார்த்தை என்று தேதி குறித்தால் அதற்கு முந்தின நாள் அவருக்குக் காய்ச்சல் வந்துவிடும். காய்ச்சலோடு வந்து உட்காருவார்.

தச்சர் தடுப்பு வேலையை முடித்த அன்று மிஷின் இன்னும் ஓடவில்லை. பெண்கள் தடுப்பைத் தொட்டுப் பார்த்தார்கள், அசைத்துப் பார்த்தார்கள். ஆனால் யாரும் உட்காரவில்லை. முதலாளி தன் அறை வாசலில் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அதற்கு மேல் அவரால் கிட்டே வர முடியவில்லை. நான் ஸ்விட்சில் கை வைத்துக்கொண்டு அவரையே பார்த்தேன். அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

"ஓட்டு," என்றார்.

ஸ்விட்சைப் போட்டேன். பெல்ட் இழுபட்டு, முனகி, வேகம் பிடித்தது. அவர் கண்ணைத் திறக்க வெகுநேரம் ஆயிற்று. திறந்தபோது பெண்கள் வரிசையில் உட்கார்ந்து பொறுக்கத் தொடங்கியிருந்தார்கள்.